ஆடியில் ஆல்ப்ஸ் போன தாய்வீடு

அம்மா வீட்டு பீரோவை ஒழித்துக் கொடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்குப் போயிருந்தேன். நான் பீரோ ஒழிக்கும் அழகு எங்கள் வீட்டில் பிரசித்தம். ஒவ்வொன்றாக எடுப்பேன், முகர்ந்து பார்ப்பேன், மடிப்பேன், எடுத்த இடத்திலேயே வைப்பேன். அன்றைக்கு இரண்டாவது தட்டில் மடிப்புக் கலையாத லுங்கி ஒன்று கையில் வந்தது. பொதட்டூர்பேட்டைச் சரக்கு. புது லுங்கிக்கு ஒரு கஞ்சி வாசனை உண்டு, சோறு வடித்த வாசனையும் சாய வாசனையும் கலந்தது. ஒருமுறை தோய்த்தால் போய்விடும். அதை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அக்கா மகள் கீர்த்தனா பெங்களூரிலிருந்து வீடியோ காலில் வந்தாள்.

அவளுக்கு ஆனியில் கல்யாணம். ஹனிமூனுக்கு ஸ்விட்சர்லாந்து. அங்கே போய் வாடகைக்குக் கார் எடுத்து, இவர்களே ஓட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றப் போகிறார்களாம். "சித்தி, நீயும் சித்தப்பாவும் கார்லதானே போனீங்க? மலை ரோட்ல தலை சுத்துமா?" என்றாள். எப்போது போகிறாய் என்று கேட்டேன். தேதி சொன்னாள். என் கண் தானாகச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்குப் போயிற்று. சந்தேகமே இல்லை, நட்டநடு ஆடி. பக்கத்தில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இதோ வெடிக்கப் போகிறது என்று போனைக் கொஞ்சம் தள்ளியே பிடித்தேன். அம்மா நிமிர்ந்தாள். "குளுரும் கண்ணு, காதைக் கட்டிக்கோ" என்றாள். அவ்வளவுதான், மறுபடியும் கீரை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இதே அம்மா, இதே ஆணியில் தொங்கிய காலண்டர், இதே ஆடி. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் என் ஹனிமூனுக்கு என்ன பாடு படுத்தினாள் என்பதை நீங்களாவது கேளுங்கள்.

அப்போது நான் திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் புவியியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு மடிப்பு மலைகள் பாடம் வரும்போது போர்டு முழுக்க ஆல்ப்ஸ் வரைவேன். உச்சிக்கு வெள்ளைச் சாக்பீஸ், அடிவாரத்துக்குப் பச்சை. வரைவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் நான் அதுவரை நிதானமாக நின்று பார்த்த மலை என்றால் எங்கள் முருகன் மலை ஒன்றுதான். திருப்பதிக்கும் போயிருக்கிறேன். அங்கே மலையைப் பார்க்க யார் விட்டார்கள்? க்யூவில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளின் கொண்டையைத்தான் நாளெல்லாம் பார்த்தேன்.

நைனாவுக்கு, எல்லைப்புறத் தெலுங்குப் பழக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பஜாரில் லுங்கிக் கடை. தறிகள் பொதட்டூர்பேட்டையில் பெரியப்பா வீட்டில் ஓடும். நைனா வாரம் இரண்டு தடவை வேனை எடுத்துக்கொண்டு போய்ச் சரக்கு ஏற்றி வருவார். கடையில் வாய் ஓயாமல் பேசுவார், வீட்டுக்குள் வந்தால் செருப்போடு பேச்சையும் வாசலில் விட்டுவிடுவார். வீட்டில் பேசுகிற இலாகா அம்மாவுடையது.

மாசியில் எனக்கும் சரவணனுக்கும் நிச்சயம் ஆயிற்று. அவருக்கும் திருத்தணிதான், சித்தூர் ரோட்டில் வீடு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை. கம்பெனி அவரை ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்கு அனுப்பியிருந்தது. நிச்சயத்துக்கு வந்தவர், நாங்கள் தனியாக நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் என்னைப் பார்த்து, "ஃபேன் காத்து வருதுங்களா?" என்று கேட்டார். "வருதுங்க" என்றேன். அத்தோடு விமானம் ஏறிவிட்டார்.

இரண்டு பேரும் கூச்சப் பேர்வழிகள். போனில் பேசினால் "சாப்பிட்டீங்களா"வைத் தாண்டாது. அப்போதெல்லாம் மடிக்கணினியில் ஒரு டாங்கிளைச் சொருகிக்கொண்டு சிக்னலுக்காக மொட்டைமாடிக்குப் போக வேண்டும். அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வரும். ஒருநாள், "கல்யாணத்துக்கு அப்புறம் இங்க வந்தா எங்க போகணும்?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "கொண்டை ஊசி வளைவு நிறைய இருக்கற மலைங்க. கார்ல போகணும்" என்றேன். கட்டங்களுக்கு நடுவில் அவர் சிரித்தது தெரிந்தது.

அன்றிலிருந்து எங்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. மியூனிக்கிலிருந்து இன்ஸ்புருக், அங்கிருந்து தெற்கே இறங்கி இத்தாலி எல்லை, அங்கே ஸ்டெல்வியோ என்று ஒரு கணவாய். மலையின் ஒரு பக்கமாக வளைந்து வளைந்து ஏறி, மறுபக்கம் இறங்கி, இன்னும் இரண்டு மூன்று கணவாய்களைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஜெராக்ஸ் கடையில் மேப்பைத் துண்டு துண்டாகப் பிரிண்ட் எடுத்து ஒட்டி, பள்ளிக்கூட அட்லஸையும் வைத்துக்கொண்டு வழி போட்டேன். அவர் அங்கே பாலத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் என்ன கட்டணம், எந்த ஸ்டிக்கர் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று விசாரித்துச் சொல்வார். மற்றவர்கள் காதல் பேசுகிற வயதில் நாங்கள் கிலோமீட்டர் பேசினோம். நடுவில் ஏதாவது மனசு சம்பந்தமான பேச்சு வந்தால் இரண்டு பேருக்குமே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "அதை அங்க போய் கார்ல பேசிக்கலாம்" என்பார். நானும் "ஆங், கார்ல பேசிக்கலாம்" என்பேன். வேலைக்குப் போவதா, எந்த ஊரில் இருப்பது, என்னை எதற்குப் பிடித்தது, எல்லாவற்றையும் காருக்கென்று தள்ளி வைத்துக்கொண்டே போனோம்.

கோடையில் மட்டும்தான் அந்தக் கணவாய் திறந்திருக்கும், மற்ற மாதங்களில் பனி மூடிவிடும். அவருடைய தொழிற்சாலைக்கு விடுமுறை ஆகஸ்ட் ஆரம்பத்தில்தான். விடுமுறை முடிந்த கையோடு அங்கே அவர் வேலையும் முடிந்து, ஊர் திரும்ப வேண்டும். வெப்பநிலை, மழை, பகல் எத்தனை மணி நேரம், எல்லாம் கணக்குப் பார்த்து ஆகஸ்ட் முதல் வாரம் என்று முடிவு செய்தேன். டிக்கெட்டும் போட்டாயிற்று. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து பெருமையாக அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா டிக்கெட்டைப் பார்க்கவில்லை. எழுந்து போய்க் காலண்டரின் தாள்களைக் கட்டைவிரலால் ஒதுக்கி ஒதுக்கி உள்ளே போனாள். ஒரு தாளில் நின்றாள். "ஏண்டி, நீ டீச்சர்தானே?" என்றாள். உலகப்படத்தில் எந்த மூலையைக் காட்டினாலும் அட்சரேகை சொல்லத் தெரிந்தவளுக்கு, சொந்த வீட்டுச் சுவரில் ஆடி மாதம் இருப்பது தெரியாமல் போயிற்று.

ஆடியில் புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது, தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிறக்கும், சித்திரை அப்பன் தெருவிலே என்று ஒரு பயம். அக்காவுக்குக் கல்யாணமான வருஷம் அவளை ஆடி ஒன்றாம் தேதியே அழைத்து வந்து வீட்டில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். பாவா, அதாவது அக்கா புருஷன், திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். மாமியார் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதே தவிர மாமனார் கடைக்கு வரலாம் அல்லவா? இரண்டு நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து ஒரு லுங்கி வாங்குவார். நைனாவும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "அடடா, சில்லறை இல்லையே" என்று அக்காவை வீட்டிலிருந்து சில்லறை எடுத்து வரச் சொல்லி ஆள் அனுப்புவார். ஆடி முடிவதற்குள் பாவாவிடம் ஒரு கடையே வைக்கும் அளவுக்கு லுங்கி சேர்ந்துவிட்டது.

என் விஷயம் சில்லறையில் தீர்வதாக இல்லை. அதிலும் ஆடிக் கிருத்திகை வேறு அதே வாரம். எங்கள் ஊரில் ஆடிக் கிருத்திகை என்றால் ஆந்திராப் பக்கமிருந்தும் மெட்ராஸ் பக்கமிருந்தும் காவடி காவடியாக வந்து இறங்கும். பூவும் வியர்வையுமாக ஊரே மணக்கும்.

"ஊரு ஜனமெல்லாம் மலையைப் பாக்க இங்க வருது, நீ மலையைப் பாக்க எங்கியோ போறியா?" என்றாள் அம்மா.

"அந்த மலை வேறம்மா."

"இன்னா வேற? அங்க சாமி கீதா?"

சரவணனின் அம்மாவிடம் முறையிடலாம் என்று போனேன். "உங்கம்மா சொல்றதுதாம்மா சரி" என்றுவிட்டார். பந்தியில் அப்பளம் பெரிதா சிறிதா என்பதில்கூட ஒத்துப்போகாத சம்பந்தியம்மாக்கள் இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். ஆவணிக்குத் தள்ளிப் போடலாம் என்றால் அவர் ஊருக்கே வந்துவிடுவார். மொட்டைமாடிக்குப் போய், "நடக்காது போல இருக்குங்க" என்றேன். அவர், "அப்ப அந்தப் பேச்செல்லாம் எங்க வெச்சிக்கறது?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். நல்லவேளை, சிக்னல் மோசம், என் முகமும் அவருக்குக் கட்டம் கட்டமாகத்தான் போயிருக்கும்.

ஒரு வாரம் வீட்டில் நானும் அம்மாவும் தட்டைச் சத்தமாக வைத்தே பேசிக்கொண்டோம். ஒரு மத்தியானம் நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மோர் ஊற்றும்போது திடீரென்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஆடில பொண்ணு எங்க இருக்கணும்?"

"தாய் வூட்ல. இது தெரியாதா?"

"தாய் வூடுன்னா இன்னா? செங்கல்லும் சிமெண்டுமா? பெத்தவங்க இருக்கற எடந்தானே?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"நான் கூடப் போறேன். நான் எங்க கீறேனோ அதுதான் அவளுக்கு வூடு."

அம்மா மோர்ச் செம்பைக் கீழே வைக்க மறந்து நின்றாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து யோசித்தாள். அதில் ஓட்டை எதுவும் தென்படவில்லை போலிருக்கிறது. கடைசியில், "ரூமு?" என்றாள்.

"எனக்கும் பொண்ணுக்கும் ஒண்ணு. மாப்ளைக்குத் தனி."

"கிருத்திகைக்கு மஞ்சத் துண்டு, மஞ்ச வேட்டி யாரு விக்கறது?"

"பொதட்டூர்பேட்டை அண்ணன் வந்து கடைல குந்தட்டும்."

கிருத்திகை வாரம்தான் நைனா கடைக்கு வருஷத்து வியாபாரம். அந்த வாரத்தில் காய்ச்சல் வந்தால்கூடக் கடையிலேயே படுத்துக்கொள்கிறவர். அதை நான் அப்போது யோசிக்கவில்லை. அப்பாவோடு ஹனிமூன் போகிற முதல் பெண் இந்தத் தாலுகாவிலேயே நான்தான் என்ற எண்ணம் மட்டுமே மண்டைக்குள் ஓடியது. சரவணனிடம் சொன்னேன். "லைன்ல இருக்கீங்களா?" என்றேன். "இருக்கேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "மாமாவுக்குச் சீஸ் ஒத்துக்குமா?" என்று கேட்டார். இந்த ஆளோடு வாழ்ந்துவிடலாம் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு நிச்சயமாயிற்று.

நைனாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. எப்போதோ துபாயில் லுங்கி விற்கப் போவதாக ஒரு ஆசையில் எடுத்தது, ஒருநாளும் உபயோகப்படவில்லை. சென்னைக்கு விசாவுக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண், பயணம் எதற்காக என்று நைனாவிடம் தமிழிலேயே கேட்டாள். "ஹனிமூன்" என்றார். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, "யாருக்கு சார்?" என்றாள். "பொண்ணுக்கு." "அப்ப நீங்க?" "நான் தாய் வூடும்மா" என்றார் நைனா, கொஞ்சமும் சிரிக்காமல். ஆடி, சித்திரை, லுங்கிக் கடை என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். விசா வந்துவிட்டது.

வைகாசியில் மலைமேல் கல்யாணம். சொந்தக்காரர்கள் கூடத்திலும் மாடியிலும் வரிசையாகப் படுத்துக் கிடந்த வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு அவர் மியூனிக் போய்விட்டார். அந்த மூன்று நாளில் நாங்கள் பேசியதெல்லாம், "பக்கெட் எங்கே", "பெரியம்மாவுக்குக் காப்பி கொடுத்தாச்சா" வகையறாதான். பாக்கிப் பேச்சு முழுவதும் காருக்கு.

ஆடியில் நானும் நைனாவும் கிளம்பினோம். அம்மா மலையில் வைத்துப் பூஜை செய்த எலுமிச்சம்பழங்களைக் கொடுத்தனுப்பினாள். எங்கள் ஊரில் புது வண்டி எடுத்தால் மலைக்கு ஓட்டிப் போய்ப் பூஜை போடாமல் யாரும் ஓட்டமாட்டார்கள். வாடகை வண்டியானால் என்ன, சக்கரம் இருக்கிறதே என்றாள். மியூனிக்கில் காரைக் கொடுத்த வெள்ளைக்காரப் பையன் சாவியைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்க, நைனா குனிந்து டயருக்கு டயர் பழத்தை வைத்துவிட்டு வந்து முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "மாப்ளே, எடுங்க" என்றார். பழங்கள் நசுங்கிய சத்தத்தில் அந்தப் பையன் பதறி ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆக, மாப்பிள்ளை ஸ்டீயரிங்கில், மாமனார் பக்கத்தில், புதுப்பெண் பின்னால் புளிசாதத் தூக்கோடு. இன்ஸ்புருக் வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் டீசல் மைலேஜ் பேசினார்கள். நானும் அவரும் பார்த்துக்கொண்டது பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில்தான். கண்ணாடியில் அவர் புருவம் மட்டும் தெரியும். புருவத்தோடு எவ்வளவு பேச முடியும்? கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் மொட்டைமாடியே தேவலை போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கணவாயின் அடிவாரத்தில், பெயர் வாயில் நுழையாத ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம். சுற்றி ஆப்பிள் தோட்டம். ஒரு பாட்டியம்மாள் தன் வீட்டு மாடியில் இரண்டு ரூம் வாடகைக்கு விட்டிருந்தாள். அடுத்த நாள் காலையில் ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டுக் கிளம்பினோம். நைனா மட்டும் லுங்கியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நான் வரலம்மா. வளைவுல எனக்கு வவுத்தப் பொரட்டும். நீங்க போய்ட்டு வாங்க."

"சாயங்காலத்துக்குள்ள வந்துடறோம் மாமா" என்றார் சரவணன்.

"இன்னாத்துக்கு அவசரம்? அந்தாண்ட எறங்கி, போட்டு வெச்ச வழியெல்லாம் நல்லா சுத்திகினு வாங்க. நாலு நாள் ஆனா ஆவட்டும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நைனா, ஆடி... அம்மாவுக்கு என்ன சொல்றது?" என்றேன்.

"அத நான் பாத்துக்கறேன். நான் எங்க கீறேனோ அதுதான் வூடுன்னு சொன்னேன் இல்ல? வூட்ல இருந்து பொண்ணு நாலு எடம் போய்ட்டு வரமாட்டாளா?" என்று ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கார் கிராமத்தைத் தாண்டின பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மலை ரோட்டில் கோவில் பஸ் திரும்புகிற திருப்பத்தில், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே, வேர்க்கடலை தின்றபடி போகிறவர் நைனா. அவருக்கு ஒருநாளும் வயிற்றைப் புரட்டியதில்லை. திருத்தணியில் மோர் ஊற்றிக்கொண்டு கணக்குப் போட்டபோதே இதையும் போட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். நான் முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தேன். நைனா கால் நீட்டத் தள்ளி வைத்திருந்த ஸீட். வண்டியை நிறுத்துங்கள் என்று சொல்லி, ரோட்டோரம் கொஞ்ச நேரம் அழுதேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார்.

ஸ்டெல்வியோ எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? தெரியாது. பாதி மலை ஏறும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. உச்சியில் எதிரே நின்ற கடையின் பலகையைக்கூடப் படிக்க முடியவில்லை. வருஷா வருஷம் போர்டில் வரைந்த மலை என்னைச் சுற்றி எங்கேயோ இருந்தது, ஒரு சிகரத்தைக்கூட நான் பார்க்கவில்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். பிறகு பேசினோம். தள்ளி வைத்த பேச்செல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. புளிசாதம் தீர்ந்தது, பேச்சு தீரவில்லை. என்னை எதற்குப் பிடித்தது என்று கேட்டேன். "ஃபேன் காத்து வரலைன்னாலும் வருதுன்னு சொன்னியே, அதுக்கு" என்றார். ஃபேன் ஓடவே இல்லையாம் அன்றைக்கு. இப்படிச் சந்தோஷமாக நான் ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்ததில்லை என்று இப்போதும் சொல்வேன்.

நாலு நாள் கழித்து வந்தபோது நைனா ஆப்பிள் தோட்டத்து ஓரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாட்டியம்மாளுக்கு ஒரு லுங்கி பரிசாகக் கொடுத்திருக்கிறார். அவள் அதை அழகாகச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்துவிட்டாள். "கட்டம் போட்ட துணின்னா இங்க டேபிளுக்குத்தான் கட்டுவாங்க போலகீது" என்று வியாபார யோசனையில் இருந்தார். எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி, "வண்டி நல்லா இழுத்துச்சா மாப்ளே?" அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் வந்தது. "ஆங், பக்கத்துலதான் கீறா. இந்தா பேசு" என்று நீட்டினார். அந்த நாலு நாளும் நான் குளித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்ததாக அவர் அம்மாவிடம் சொல்லிவந்தது அப்புறம் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அம்மா எங்களைப் பார்த்து, "மலை எப்டி கீது, சொல்லுங்க" என்றாள். மூடுபனியைப் பற்றி என்ன சொல்வது, எங்கே போய் முடியும் அந்தப் பேச்சு? அப்போது நைனா தொண்டையைச் செருமினார். வீட்டுக்குள் வந்தால் பேசாத மனுஷன், கூடத்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏறாத மலையை ஏற ஆரம்பித்தார். "வளைவுன்னா உங்க வூட்டு வளைவு எங்க வூட்டு வளைவு இல்ல. ஒடிச்சித் திருப்புனா நம்ம வண்டி பின்னாடி நம்பர் நமக்கே தெரியும்!" என்றார். உச்சியில் காற்று அவர் துண்டைப் பிடுங்கிப் பறக்கவிட்டது. ஒரு வெள்ளாட்டு மந்தை நடு ரோட்டில் வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. நைனா இறங்கிப் போய்த் தெலுங்கில் ஒரு அதட்டல் போட்டதும் ஒதுங்கி வழிவிட்டது. கூடமே வாயைப் பிளந்து கேட்டது. நானும்தான்.

அதன் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, கடையில் எத்தனை வாடிக்கைக்காரர்கள்! கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மலை கொஞ்சம் உயர்ந்தது, ஆடுகள் குட்டி போட்டன. ஒருமுறை அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே, "போன தபா ஆடு எடப்பக்கமா வந்துச்சுன்னீங்க" என்றாள். நைனா அசரவில்லை. "அது ஏறும்போது. இது எறங்கும்போது" என்றார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை.

நைனா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்கிறவர்களும் எங்கள் தெருவில் குறைந்துவிட்டார்கள். கேலி செய்துகொண்டிருந்த வழக்கம்தான், ஆனாலும் அதற்கு ஒரு சந்து கண்டுபிடிக்கத் தலையை உடைத்துக்கொண்ட ஆளை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

போன தையில் அரக்கோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நைனாவின் பழைய வாடிக்கைக்காரர். "உங்க நைனா சொல்லுவாரே அந்த மலைக் கதை, நீ கூட இருந்தவளாச்சே, சொல்லும்மா" என்றார். நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன். மூடுபனி என்றேன், ஒன்றும் தெரியவில்லை என்றேன். அவர் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். "அந்த ஆட்டு மந்தை வரலியா?" என்றார். "வந்துச்சுங்க, வராம எங்க போவும்?" என்றேன். வளைவு, நம்பர் பலகை, காற்று என்று நைனா சொன்ன வழியிலேயே மலை ஏறினேன். பாதியில் நின்றுவிட்டேன். ஆடுகள் வந்த பிறகு துண்டு பறந்ததா, துண்டு பறந்த பிறகு ஆடுகள் வந்ததா? அவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்லவும் ஆளில்லை.